கச்சான் காலத்தில் கணினி பூட்டுகிறீர்களா? நிலைமின்னுக்கு எந்தப் பாதுகாப்பை எடுப்பது

கொழும்பிலிருந்து மதர்போர்ட், புரொசசர், ரெம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. இனி உட்கார்ந்து பூட்ட வேண்டியதுதான் என்கிற நேரத்தில் திருகோணமலைப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, ஸ்டாட்டிக் அடித்தால் போர்ட் போய்விடுமாமே, ரிஸ்ட் ஸ்ட்ராப் வாங்க வேண்டுமா, சும்மா கேசிங்கைத் தொட்டால் போதாதா, இல்லாவிட்டால் கடையிலேயே கொடுத்துப் பூட்டுவதா?" வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் ஒருவர் பயமுறுத்துகிறார், அடுத்தவர் அதெல்லாம் வெறும் கதை என்கிறார். அவரவர் ஊருக்கு அவரவர் சொல்வது சரியாக இருக்கலாம். நம் ஊர்க் காற்று வேறு, நம் வீட்டு வயரிங் வேறு. அந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு கணினி பூட்டப் போகிறவருக்கு, வயர் உள்ள சாதாரண ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டில் கட்டும் பட்டி) ஒன்றை எடுத்து, கேசிங்கின் வெறும் உலோகத்தில் கவ்வ விட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு வேலை செய்வதுதான் நல்லது. பலர் சொல்லிக்கொடுக்கிற "பிளக்கைப் போட்டு வைத்துக் கேசிங்கைத் தொடு" என்ற முறையை இங்கே நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏன் என்பதற்கு விளக்கம் கொஞ்சம் நீளம்.

நிலைமின் என்பது பாடசாலையில் பலூனைத் தலையில் தேய்த்துப் பார்த்த அதே சங்கதிதான். இரண்டு பொருட்கள் தொட்டுப் பிரியும்போது இலத்திரன்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடுகின்றன. பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்பினாலே உடம்பில் மின்னேற்றம் சேர்ந்துவிடும். மனித உடம்பைச் சோதனைக்கூடங்களில் 100 பிக்கோபரட் கொள்ளளவியும் 1,500 ஓம் தடையுமாக வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் 3,000 வோல்ட் ஏறிய விரல் ஒரு சிப்பின் காலைத் தொட்டால் கணப்பொழுதுக்கு 2 அம்பியர் பாயும். சக்தி என்று பார்த்தால் அரை மில்லிஜூல் கூட இல்லை. ஆனால் அது போய் விழும் இடம் சிப்புக்குள் இருக்கும் சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலம். இதில் முக்கியமான விஷயம், ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பொறி நமக்கு உறைக்கவே உறைக்காது. சிப் தயாரிப்பவர்களோ, உடம்பிலிருந்து வரும் 1,000 வோல்ட் வரை தாங்கினால் போதும் என்ற அளவில்தான் இன்று பல சிப்களை வடிவமைக்கிறார்கள். ஆக, நம் கைக்குத் தெரியாமலே ஒரு சிப்பைக் கெடுத்துவிடக்கூடிய இடைவெளி ஒன்று நடுவில் இருக்கிறது. "எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே" என்பது இதில் சாட்சி ஆகாது.

சரி, திருகோணமலையில் அவ்வளவு ஏற்றம் சேருமா? காற்றில் ஈரம் இருந்தால் எல்லாப் பொருட்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று ஒட்டிக்கொள்கிறது; ஏற்றம் அதன் வழியே கசிந்து போய்விடும். மின்னணுத் துறையில் நீண்டகாலமாக எடுத்துக்காட்டப்படும் ஓர் அட்டவணை இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 10 முதல் 20 வீதம் இருக்கும்போது தரைவிரிப்பில் நடந்தால் 35,000 வோல்ட், 65 முதல் 90 வீதம் இருக்கும்போது 1,500 வோல்ட். வைனைல் தரையில் 12,000 வோல்ட் 250 ஆக இறங்குகிறது. மேசையிலிருந்து பொலிதீன் பையை எடுத்தால் 20,000 என்பது 1,200 ஆகிறது. நாம் கடலோரத்து ஆட்கள். மாரியில், வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் கார்த்திகை, மார்கழியில், துவைத்துப் போட்ட சேர்ட் இரண்டு நாளானாலும் காயாது. அந்தக் காலத்தில் நிலைமின் பெரிய எதிரி அல்ல.

ஆனால் கச்சான் வீசும் மாதங்கள் வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. மத்தியானத்தில் உதடு வெடிக்கும், பொலியெஸ்டர் ரீசேர்ட்டைக் கழற்றினால் சடசடவென்று சத்தம் கேட்கும், கை மயிர் எழும்பி நிற்கும். குளிர்நாட்டு மாரியில் ஹீற்றர் போட்ட அறை அளவுக்கு நம் காற்று ஒருநாளும் காய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் அங்கே இருப்பவர் பயப்படுகிற அளவுக்கு நாம் பயப்படத் தேவையில்லை. இருந்தாலும் ஏசி போட்டுக் கதவைச் சாத்திய அறை, கீழே செயற்கை நூல் விரிப்பு, பிளாஸ்டிக் கதிரை, காலில் றப்பர் செருப்பு, வெளியே கச்சான் என்று எல்லாம் சேர்ந்தால் சிப்புக்கு ஆகாத அளவு இங்கேயும் தாராளமாகச் சேரும்.

இனி, நம் ஊரில் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். "கேசிங்கைத் தொட்டால் ஷொக் அடிக்கிறது, ஸ்டாட்டிக் போல" என்று சொல்லி வருகிறவர்களில் பலருக்கு நடப்பது நிலைமின்னே அல்ல. நிலைமின் ஒரே ஒரு தரம் "டிக்" என்று அடித்துவிட்டு முடிந்துவிடும்; உடனே திரும்பத் தொட்டால் ஒன்றும் இருக்காது. இவர்கள் சொல்வதோ, கேசிங்கில் புறங்கையை மெதுவாக உரசும்போது எறும்பு ஊர்வதுபோல நிற்காமல் சுரசுரவென்று இருப்பது. அது மெயின்ஸ் கசிவு. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேசிங்குக்குச் சின்னக் கொள்ளளவிகள் போட்டிருக்கிறார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு எர்த்தில் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் 230 வோல்ட்டின் பாதியில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டு நிற்கும். பாயக்கூடிய மின்னோட்டம் ஒரு மில்லிஅம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளுக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் உள்ளே வேறு பழுது ஒன்று வந்தால், காப்பாற்ற வேண்டிய வயரே இல்லை என்பதற்கான அறிவிப்பு அது.

பார்ப்பது சுலபம். வீட்டில் கிடக்கும் டெஸ்டரை எடுத்து, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது கேசிங்கின் பின்புறம் இருக்கும் ஒரு திருகில் முனையை வைத்து, டெஸ்டரின் தலையில் விரலை வையுங்கள். உள்ளே இருக்கும் நியோன் மங்கலாகச் செம்மஞ்சள் நிறத்தில் எரிந்தால் அந்தக் கேசிங்குக்கு எர்த் வரவில்லை. பழைய வீடுகளில் இது சர்வசாதாரணம். உருண்டைப் பின் 5 அம்பியர் பிளக் பொயின்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. நாட்டின் நியமம் சதுரப் பின் 13 அம்பியர் என்று ஆன பிறகும் இரண்டும் கலந்துதான் கிடக்கிறது. பவர் சப்ளையோடு வரும் கேபிளோ சில நேரம் ஐரோப்பிய இரண்டு பின். அதை எப்படியாவது நுழைக்க ஒரு அடப்டர், அதன் மேல் ஒரு மல்டி பிளக். இந்தச் சங்கிலியில் எங்கோ ஓர் இடத்தில் எர்த் காணாமல் போகிறது. ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் விழுகிறதே, எர்த் சரிதானே என்று கேட்பார்கள். அந்தப் பொத்தான் சுவிட்சின் பொறிமுறையை மட்டும்தான் சோதிக்கிறது. நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கம்பியைச் சோதிப்பது எலக்ட்ரீஷியனின் வேலை. அவரைக் கூப்பிடுங்கள், நீங்களே சொக்கெட்டுக்குள் எதையும் விட்டுப் பார்க்க வேண்டாம்.

இப்போது தெரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒன்றுமே செய்யாமல் வெறும் கையால் பூட்டுவது முதலாவது. இதை மடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பின்னேரம் மழை பெய்து ஓய்ந்த மார்கழி நாளில், சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு, பன்பாயில் உட்கார்ந்து, பருத்திச் சாரமும் பெனியனுமாகப் பூட்டுகிறவரின் உடம்பில் ஏற்றம் தங்குவது கஷ்டம். சீமெந்துத் தரையில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். வெறுங்கால் வழியே ஏற்றம் அதில் இறங்கிவிடும். இப்படித்தான் பல பேர் வருடக்கணக்காகக் கழற்றிப் பூட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "ஒன்றும் ஆகவில்லை" என்பதை எப்படி அறிந்தார்கள்? நிலைமின் பட்ட சிப் எல்லா நேரமும் அந்த இடத்திலேயே சாவதில்லை. பாதி காயத்தோடு வேலை செய்து, மாதங்கள் கழித்து ரெம் பிழை காட்டும், ஒரு யூஎஸ்பி போர்ட் மட்டும் இயங்காது, நீலத்திரை வரும். காரணம் நிலைமின்தானா என்று வீட்டில் வைத்து எவராலும் சொல்ல முடியாது. சிப்பைத் திறந்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். அதனால் இந்த முறையை நம்புகிறவரும் சரி, பயப்படுகிறவரும் சரி, அனுபவத்தை மட்டும் வைத்து வாதாட முடியாது. மாரியில், நல்ல தரையில், சின்ன வேலைக்கு இது ஓடும். புதிதாக வாங்கிய முழுக் கணினிக்கு நான் இதைத் தெரிவு செய்யமாட்டேன்.

இரண்டாவது, வீடியோக்களில் அதிகம் வரும் முறை. பவர் சப்ளையைக் கேசிங்கில் பூட்டி, பிளக்கைச் சுவரில் போட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, இடையிடையே கேசிங்கைத் தொடுவது. இதன் தர்க்கம் நல்லதுதான். சதுரப் பின் சொக்கெட்டில் சுவிட்ச் லைவை மட்டும் வெட்டுகிறது, எர்த் தொடர்ந்து இணைந்தே இருக்கும், ஆகவே கேசிங் வழியாக நீங்கள் நிலத்தோடு சேர்ந்திருப்பீர்கள். எர்த் ஒழுங்காக உள்ள வீட்டில் இது நடக்கும். நம் வீடுகளில்? எர்த் அறுந்த அடப்டர் வழியே போட்டிருந்தால் நீங்கள் தொடுவது எதோடும் சேராத ஒரு தகரப்பெட்டி. சுவர் சுவிட்சை விட்டுவிட்டுப் பவர் சப்ளையின் பின்னால் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்திருந்தால் இன்னும் மோசம். பல பவர் சப்ளைகளில் வடிகட்டிக் கொள்ளளவிகள் அந்தச் சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கும், கசிவு தொடர்ந்து கேசிங்கில் நிற்கும். அந்தக் கேசிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ரெம்மை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வயரிங் செய்தவர் லைவையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டிருந்தால் சுவிட்சை அணைத்தும் லைவ் உள்ளே இருக்கும்.

இதைவிட அடிக்கடி நடக்கக்கூடியது, சுவிட்சை அணைக்க மறந்துபோவது. பவர் சப்ளைக்கு மின்சாரம் இருக்கும் வரை, கணினியை ஓட விடாவிட்டாலும், மதர்போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். போர்டின் மூலையில் ஒரு சின்ன லைட் எரிந்தால் அதுதான். அந்த நிலையில் ரெம்மையோ விஜிஏ கார்டையோ செருகினால் நிலைமின் செய்யக்கூடியதைவிடப் பெரிய சேதத்தை நாமே செய்துவிடுவோம். நிலைமின்னிலிருந்து காப்பாற்றப் போய் அதைவிட நிச்சயமான ஆபத்து ஒன்றை மேசைக்குக் கொண்டுவருவதா? இந்த முறையின் மேல் எனக்குள்ள மறுப்பு இதுதான், அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிளக்கைக் கழற்றிவிட்டுக் கேசிங்கைத் தொட்டுத் தொட்டு வேலை செய்வது இதைவிட நல்லது. பலருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: எர்த்தே இல்லாமல் தொட்டு என்ன பயன்? பயன் இருக்கிறது. சிப்பைக் கெடுப்பது வோல்ட்டளவு வித்தியாசம். நீங்களும் கேசிங்கும் கையிலிருக்கும் பாகமும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால், அது பூமியின் மின்னழுத்தமாக இல்லாவிட்டாலும் பாய்வதற்கு ஒன்றும் இல்லை. இந்த முறையின் குறை மனிதக் குறை: தொட மறந்துவிடுவோம். கீழே விழுந்த திருகைத் தேட எழும்புவோம், கதிரை உரசும், நேரே வந்து புரொசசரில் கை வைப்போம்.

அந்த மறதிக்குத்தான் ரிஸ்ட் ஸ்ட்ராப். ஒரு மீள்பட்டி, அதன் உள்பக்கம் ஒரு உலோகத் தகடு, அங்கிருந்து சுருள் வயர், நுனியில் முதலைக் கவ்வி. வயருக்குள் 10 இலட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம் தடை ஒன்று இருக்கிறது. உடம்பில் சேரும் ஏற்றம் அந்தத் தடை வழியே இறங்க மில்லிசெக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரமே எடுக்கும். நாம் அசையும் வேகத்துக்கு அது தாராளம். மறுபக்கம், தவறுதலாக 230 வோல்ட் எதிலாவது பட்டால் அந்தத் தடை மின்னோட்டத்தைக் கால் மில்லிஅம்பியருக்குள் அடக்கிவிடும். அதனால்தான் சொல்கிறேன், செப்பு வயரை மணிக்கட்டில் சுற்றி மறுமுனையைக் கேசிங்கில் கட்டி வீட்டிலேயே பட்டி செய்யாதீர்கள். அது நிலைமின்னை இறக்கும், உயிரைக் காக்காது. விலையும் பெரிய விஷயமில்லை. மொத்தச் செலவில் இது கணக்கிலேயே வராது.

பட்டியை வாங்கினால் மட்டும் போதாது. தகடு தோலில் படவேண்டும்; கைநூல் கட்டியிருந்தால் அதற்கு மேலே தள்ளி இறுக்கமாகப் போடுங்கள், சேர்ட் கையின் மேல் போட்டுப் பலனில்லை. கவ்வியைக் கேசிங்கின் கறுப்புப் பெயின்ட்டில் மாட்டினால் அது எதையும் தொடவில்லை என்றே அர்த்தம். இப்போது வரும் கேசிங்குகளில் உள்பக்கமும் பெயின்ட். பவர் சப்ளையின் பின்னால் விசிறிக்கு மேல் இருக்கும் கம்பி வலை, பெயின்ட் படாத திருகுத் தலை, பின்பக்கத்து வெள்ளித் தகடு என்று மினுங்குகிற இடமாகப் பார்த்துக் கவ்வ விடுங்கள். மல்டிமீற்றர் இருந்தால் அந்த இடத்துக்கும் பவர் சப்ளைத் திருகுக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகு பவர் பொத்தானைச் சில செக்கன்கள் அமுக்கிப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஏற்றமும் இறங்கிவிடும்.

இன்னொரு சிக்கல், யாரும் அதிகம் சொல்லாதது. புரொசசர், ரெம், எம்.2 எஸ்எஸ்டி மூன்றையும் போர்ட் வெளியே இருக்கும்போதே பூட்டுவோம். அப்போது நீங்கள் கேசிங்கோடு சேர்ந்திருக்கிறீர்கள், போர்டோ மேசையில் தனியாகக் கிடக்கிறது. போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். முதலில் பட்டி போட்ட கையால் போர்டின் பின்பக்கத்து யூஎஸ்பி, லான் போர்ட்டுகளின் உலோகக் கூட்டைத் தொடுங்கள். அந்தக் கூடு போர்டின் கிரவுண்டோடு சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் ரெம் ஸ்லொட் பக்கம் கை போகவேண்டும். ரெம்மைப் பிடிக்கும்போது இரண்டு ஓரத்தையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிப்பது போதும், பொன்னிறக் கோடுகளில் விரல் படத் தேவையே இல்லை. புரொசசருக்கும் அப்படியே.

வயரில்லாத ரிஸ்ட் ஸ்ட்ராப் என்று ஒன்றும் விற்கிறார்கள். வாங்காதீர்கள். ஏற்றம் போவதற்கு வழி வேண்டும், வயரில்லாவிட்டால் வழியில்லை, அவ்வளவுதான்.

அன்டிஸ்டாட்டிக் விரிப்பு நல்ல பொருள். அதன் மேற்பரப்புத் தடை 10 இலட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில் இருப்பதால், அதில் வைக்கும் பாகத்தின் ஏற்றம் பொறி பறக்காமல் மெதுவாக இறங்கும். விரிப்பு, பட்டி, கேசிங் மூன்றும் ஒன்றாக இணைந்திருந்தால் நான் மேலே சொன்ன "போர்ட் தனியாகக் கிடக்கும்" சிக்கலே வராது. ஆனால் விரிப்பை எதோடும் இணைக்காமல் மேசையில் விரித்துவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதென்று நினைப்பவர்களை நிறையப் பார்க்கலாம். அப்படி விரிப்பதைவிட ஒரு பட்டி எவ்வளவோ மேல். வருடத்தில் ஒரு கணினி பூட்டுகிறவருக்கு விரிப்புக்குக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன். போன், மடிக்கணினி திருத்துவதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. நாளுக்கு எத்தனை போர்ட் கையில் வரும், எல்லாம் பிறருடைய பொருள். அவர்களுக்கு விரிப்பும், ஒழுங்கான எர்த்தும், நல்ல சோல்டரிங் அயனும் ஒரே தடவையில் போடவேண்டிய முதல்.

எந்தப் பட்டியும் விரிப்பும் காப்பாற்றாத ஒன்று இருக்கிறது: பிளாஸ்டிக். பொலிதீன், ரிஜிபோம், செலோடேப் எல்லாம் மின்னைக் கடத்தாத பொருட்கள். நீங்கள் பட்டி போட்டிருப்பதால் அவற்றின் ஏற்றம் இறங்காது. ரிஜிபோமில் உரசி எடுத்த பாகம் தானே ஏற்றம் பிடித்துக்கொண்டு, உலோகத்தைத் தொட்ட கணத்தில் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். ஆகவே பெட்டிகளைப் பிரித்து, ரிஜிபோமையும் பொலிதீனையும் அறைக்கு வெளியே போட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள். பாகங்கள் வரும், சாம்பல் நிறத்தில் பளபளக்கும் பையைக் கையில் வைத்திருந்து, பட்டி போட்ட கையால் பிடித்து, பிறகு திறப்பது நல்லது. அந்தப் பைக்கு உள்ளே இருக்கும்போதுதான் பாதுகாப்பு. போர்டை அதன் மேல் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது, பைக்குள் உலோகப் படலம் இருக்கிறது. இளஞ்சிவப்புப் பை உரசலால் ஏற்றம் சேராமல் பார்க்கும், வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்காது.

கடையில் கொடுத்துப் பூட்டுவது கடைசித் தெரிவு. இதில் நிலைமின்னைவிட வேறு கணக்குகள்தான் பெரியவை. பாகங்கள் வாங்கிய கடையே பூட்டித் தந்தால், போர்ட் ஓடாதபோது "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் பூட்டி ஓடாமல் போனால், அதைத் திரும்பக் கொழும்புக்கு அனுப்பி, உத்தரவாதம் செல்லுமா செல்லாதா என்று போனில் மல்லுக்கட்ட வேண்டும். முதல் தடவை பூட்டுகிறவருக்கு, அதுவும் வீட்டார் சேர்த்துவைத்த காசில் வாங்கியவருக்கு, இது சின்ன விஷயமில்லை. ஆனால் கடையில் பூட்டினால் நிலைமின் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஏசி அறையில், கையில் ஒன்றுமில்லாமல் பூட்டுகிற கடைகள் ஏராளம். போய்ப் பாருங்கள், பட்டி போடுகிறாரா என்று கேளுங்கள், உங்கள் முன்னால் பூட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார்.

பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசாவில் வாங்கி அங்கேயே பூட்டிக் கொண்டுவருவதா, பாகங்களாகக் கொண்டுவருவதா என்றும் கேட்கிறார்கள். ஹபரணை, கந்தளாய் வழியாக 250 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வரும் பூட்டிய கணினியில், பாரமான கூலரும் விஜிஏ கார்டும் ஒவ்வொரு குழியிலும் போர்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். அந்த ஆபத்து நிலைமின் ஆபத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விஜிஏ கார்டைக் கழற்றித் தனியே அதன் பெட்டியில் கொண்டுவாருங்கள், பெரிய கூலர் என்றால் அதையும். ஆனால் கழற்றியதை வீட்டில் திரும்பப் பூட்ட வேண்டும். அதற்கு எப்படியும் பட்டி வேண்டும்தானே.

நேரத்தையும் தெரிவு செய்யலாம், அதற்குச் செலவே இல்லை. கச்சான் காலத்தில் பட்டப்பகலில் பூட்டாமல், காற்றில் ஈரம் ஏறும் விடியற்காலையில் அல்லது இரவில் தொடங்குங்கள். ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, விரிப்பைச் சுருட்டி வைத்து, சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு இருங்கள். டைல்ஸ் போட்ட வீட்டில் வெறுங்கால் அவ்வளவு உதவாது, அங்கே பட்டியைத்தான் நம்பவேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் நிலத்தில் எர்த் கம்பி வெயில் காலத்தில் சரியாக வேலை செய்யாது என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மணல் காய்ந்தால் தடை ஏறுவது உண்மை, ஆனால் பட்டிக்குள்ளேயே 10 இலட்சம் ஓம் இருக்கும்போது நிலத்தில் சில நூறு ஓம் கூடுவது நிலைமின்னுக்கு ஒரு பொருட்டே அல்ல. மின்னலுக்கும் மின்கசிவுக்கும்தான் அது பொருட்டு. இடைப்பருவ மாதங்களான சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும்போது, பிளக்கையும் ரவுட்டரிலிருந்து வரும் லான் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். லான் வழியாக வந்த மின்னலில் போன போர்டுகளை இந்த ஊரில் நிறையக் காணலாம்.

பூட்டி முடிந்ததும் பட்டியை எறிந்துவிடாதீர்கள். கடல் காற்றில் ரெம்மின் பொன்னிறக் கோடுகள் நாளடைவில் மங்கும்; கணினி பீப் அடித்துக்கொண்டு ஓடாமல் நிற்கும். உடனே ரெம்மைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பது நம் எல்லோருக்கும் கைவந்த வைத்தியம். தேய்ப்பதுதான் நிலைமின்னைப் பிறப்பிக்கும் வேலை. சிப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் செய்கிறோம். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பருத்திப் பஞ்சால், பட்டியைப் போட்டுக்கொண்டு, ஒரே திசையில் மெதுவாகத் துடைத்தால் அழுக்கும் போகும், கோட்டின் மேல் உள்ள தங்கப் பூச்சும் மிஞ்சும்.

ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன் பட்டியையும் சோதியுங்கள். மல்டிமீற்றரை மெகாஓம் அளவுக்குத் திருப்பி, ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையைக் கவ்வியிலும் வையுங்கள். 1 மெகாஓம் அளவில் காட்டவேண்டும். பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் உள்ளே தடையே இல்லை. ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. இழுபட்டு இழுபட்டு அறுவது வழமை, வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டு நிலையிலும் அந்தப் பட்டி வேண்டாம், வேறொன்று வாங்குங்கள்.